ஹட்டன் மழையும் இரண்டு கெமராக்களும்

கித்துல்கலையை விட்டு கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் ஏறத் தொடங்கியதும் கண்ணாடிகளை எல்லாரும் இழுத்து மூடினார்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியில் ஆனி மாதத்தில் இது வழக்கம்தான். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வந்து முட்டும் சரிவு இது. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, கொழும்பில் பெய்வதைப் போல இரு மடங்கு. மலை முதுகைத் தாண்டி நுவரெலியாவுக்குப் போனால் அதில் பாதிகூடக் கிடையாது. மலையகம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், மழை அதை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறது.

என் பையில் இரண்டு கெமராக்கள் இருந்தன. ஒன்று சட்டைப் பைக்குள் தட்டையாகக் கிடக்கும் மெல்லிய சின்னக் கெமரா. மற்றது நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தது: தண்ணீருக்கும் அடிக்கும் அசையாத தடித்த உடம்புக்காரன், ஒலிம்பஸ் டஃப் வகை. இரண்டில் ஒன்றைத்தான் இனி வைத்துக்கொள்வது, எது என்று ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பார்த்து முடிவெடுப்பது என்று கிளம்பியிருந்தேன். கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் எல்லாக் கெமராவும் நல்ல கெமராதான். குளிர்சாதன அறையில், வெள்ளை விளக்கின் கீழ், காய்ந்த விரல்களோடு அதைப் பிடித்துப் பார்க்கிறோம். தேயிலை மலையில் அந்த நிலைமை ஒன்றுகூட இருக்காது.

கையில் பிடித்த உடனே தெரியும் வித்தியாசம் எடை. கெனன் இக்ஸஸ் வரிசையின் பிற்காலக் கெமராக்கள் 150 கிராமுக்குள் அடங்கும். டஃப் ரகம் 250 கிராமைத் தொடும். நூறு கிராமில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த நூறு கிராமில்தான் ரப்பர் வளையமும், இரட்டைப் பூட்டுப் போட்ட மூடியும், தடித்த கண்ணாடியும் இருக்கின்றன. 2019-இல் வந்த டஃப் டிஜி-6 கெமராவுக்கு 15 மீட்டர் ஆழத் தண்ணீர், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், 100 கிலோ பாரம், பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிர் என்று நான்கு உத்தரவாதங்கள் சொல்லப்படுகின்றன. சின்னக் கெமராக்களின் கையேட்டில் பெரும்பாலும் 0 முதல் 40 பாகை வரை என்று ஒரு வரி இருக்கும். மழையைப் பற்றிய பேச்சு எச்சரிக்கைப் பகுதியில் மட்டும் வரும்.

படத்தின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மெல்லிய கெமராவிலும் டஃப் ரகத்திலும் உள்ளே இருக்கும் சென்சர் ஏறக்குறைய ஒரே அளவுதான், சின்னி விரல் நகத்தளவு. வித்தியாசம் லென்ஸில். மெல்லிய கெமராவைத் திறந்தால் லென்ஸ் குழல் அடுக்கடுக்காக வெளியே நீளும், மூடினால் உள்ளே ஒடுங்கும். தண்ணீர் புகாத கெமராவில் எதுவும் வெளியே வருவதில்லை. முன்னால் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் ஒளியைச் செங்குத்தாகத் திருப்பிவிடும் பட்டகம், லென்ஸ் முழுவதும் உடம்புக்குள் நெட்டுக்குத்தாக. ஒளியை இப்படி மடக்கி அனுப்புவதற்கு விலை உண்டு. படத்தின் மூலைகள் சற்று மழுங்கும், எதிர்வெளிச்சத்தில் வெளிறும். ஆனால் நீண்டு சுருங்கும் குழலுக்கு மழைநாட்டில் கொடுக்கும் விலை அதைவிடப் பெரியது. ஒவ்வொரு முறை நீளும்போதும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு ஈரத்தையும். அந்த ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதத்தில் லென்ஸுக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். மலையகத்தில் பழைய கெமரா வைத்திருப்பவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் நண்பர் என்னைத் தான் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். நோர்வூட் போகும் பாதையில் இறங்கி, லயங்களைத் தாண்டி, கொழுந்து எடுக்கும் மலைக்கு ஏறினோம். மழை கொட்டவில்லை. கொட்டாத மழைதான் கெமராவுக்குக் கெட்டது. பனியும் தூறலும் கலந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் நனைக்கும் ஈரம். குடை அதற்கு உதவாது.

பெண்கள் வரிசையாக நிரையில் நின்றார்கள். தலையில் பொலித்தீன், இடுப்பைச் சுற்றிப் படங்கு, முதுகில் கூடை. தேயிலைச் செடியின் மேல்மட்டம் இடுப்புக்கு மேலே நிற்பதால் நடக்கும்போதெல்லாம் இலையின் தண்ணீர் முழுவதும் இடுப்பில்தான் இறங்கும், படங்கு அதற்காக. நண்பரின் பெரியம்மா அந்த நிரையில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "மழையிலயா தம்பி போட்டோ புடிக்க வந்தீங்க? வெயிலு வாறப்ப வந்திருந்தா நல்லா விழுமே" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தலைக்கு மேலே வீசி, பார்க்காமலே கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

மெல்லிய கெமராவைத்தான் முதலில் எடுத்தேன். குழல் நீண்டது. முதல் படம் நன்றாக விழுந்தது. அடுத்ததற்குள் குழலின் அடுக்குகள் சேரும் இடத்தில் நீர்த்துளிகள் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டன. மூடினால் அந்தத் துளிகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மூடாவிட்டால் நனையும். துணியால் ஒற்றி, மார்போடு அணைத்து, முதுகை மழைக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நிரை அடுத்த செடிகளுக்கு நகர்ந்துவிட்டது. திரையைத் தொட்டு இயக்கும் கெமராவாக இருந்தால் இன்னும் பாடு. ஈரத் திரைக்கு மழைத்துளியும் விரலும் ஒன்றுதான். கைத்தொலைபேசியில் படம் எடுப்பவர்களும் தூறலில் இதே பாட்டைத்தான் படுகிறார்கள். டஃப் ரகத்தில் தொடுதிரை வைக்காமல், நனைந்த பெருவிரலால் அழுத்தக்கூடிய பொத்தான்களை வைத்திருக்கிறார்கள். கடையில் பார்க்கும்போது அது பழங்காலத்துச் சாமானாகத் தெரிந்தது. மலையில் அதன் அருமை புரிந்தது.

அதைக் கழுத்தில் மாட்டியதும் என் கவனம் மழையை விட்டு விலகி ஆட்களிடம் போனது. சட்டை நுனியால் முன்கண்ணாடியை ஒருமுறை துடைத்தால் போதும். சரிவில் சறுக்கி ஒருமுறை கையை ஊன்றினேன், கெமரா கல்லில் மோதியது, ஒன்றும் ஆகவில்லை. சேறு படிந்ததைக் கானில் ஓடிய தண்ணீரில் அலம்பினேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

பனிக்குள் படம் எடுக்கும்போது எந்தக் கெமராவுக்கும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. வெண்பனி நிறைந்த காட்சியைக் கெமரா அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படத்தைச் சாம்பல் நிறமாக இருட்டிவிடும். வெளிச்ச அளவை முக்காலோ ஒன்றோ கூட்டி வைக்க வேண்டும். பிளாஷை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் எல்லாம் வெள்ளை வட்டங்களாகப் படம் முழுவதும் மிதக்கும். குவியம் பனியில் பிடிமானம் இல்லாமல் அலையும், கூடையின் விளிம்பிலோ படங்கின் மடிப்பிலோ வைத்துப் பிடிக்க வேண்டும். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசும் மருந்து எண்ணெய்களில் சிலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கை இளக்கும், அந்தக் கையால் கெமராவைத் தொடக்கூடாது. பெரியம்மா காலில் சவர்க்காரத்தைக் காயவைத்துப் பூசியிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

மாலை நிறுவை நேரத்தில் மடுவத்துக்குப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே கொழுந்துச் சாக்குகள், தொங்கும் தராசு, பதிவுப் புத்தகத்தோடு ஒருவர். கூரை விளிம்பிலிருந்து மழை திரையாக விழுந்துகொண்டிருந்தது. மழைநாளில் கொழுந்து கனக்கும். அதனால் தண்ணீருக்கு என்று சில கிலோ, சாக்குக்கு என்று கொஞ்சம் எனக் கழித்துவிட்டு எழுதுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் வேறு, வாக்குவாதமும் தீராதது. நாட்சம்பளம் முழுதாகக் கிடைக்க இத்தனை கிலோ என்று ஒரு அளவு இருக்கும்போது, கழிபடும் ஒவ்வொரு கிலோவும் நனைந்து நின்ற நேரம்தான். ஈரத்தால் எடை கூடுவது உண்மை. எவ்வளவு ஈரம் என்பதை ஒரு தரப்பு மட்டும் கண்மதிப்பில் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியம்மாவின் முறை வந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்த நம்பர் தெரியிற மாதிரி ஒன்னு எடுங்க" என்றார். தராசின் எண், அதன் கீழே சாக்கு, பக்கத்தில் அவர். எடுத்தேன். இன்னும் இரண்டு பெண்கள் தங்களுக்கும் எடுக்கச் சொன்னார்கள். பதிவு எழுதுபவர் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் வந்தபின் வந்திருக்கலாமே என்று காலையில் சொன்ன அதே பெரியம்மா மாலையில் கேட்ட படம் இது. மழையில் மட்டுமே எடுக்கக்கூடிய படம்.

நான் மலையகம் வந்து பார்க்க நினைத்ததே இப்படிப்பட்ட நேரங்களைத்தான் என்பது அங்கே எனக்குத் தெளிவானது. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் நாம் பார்க்கும் கொழுந்து பறிக்கும் பெண் எப்போதும் வெயிலில் நிற்கிறாள், புதுச் சேலையில், சிரித்துக்கொண்டு. விளம்பரமும் விற்பனையும் அப்படி வேண்டுமென்று கேட்டிருக்கும். ஆனால் ஒரு காரணம் கெமராவிலும் இருக்கிறது. மழை வந்தால் கெமரா பைக்குள் போய்விடும், மழையில் வேலை செய்தவர்கள் படத்துக்கு வெளியே நின்றுவிடுவார்கள். 2023-இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தபோது எத்தனையோ படங்கள் வெளியாயின. நான் பார்த்தவற்றில் மழை மிகக் குறைவு.

மறுநாள் ஸ்டோருக்குள் போக அனுமதி கிடைத்தது. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வெளியே குளிர்ந்த தூறல், உள்ளே காயவைக்கும் யந்திரத்தின் பக்கம் அனல். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் ஆவி படியும். டஃப் கெமராவில் அது முன்கண்ணாடியில் படிந்தது, துடைத்துவிட்டேன். மெல்லிய கெமராவில் குழலுக்கு உள்ளே படிந்தது, துடைக்க வழியில்லை, தானாகத் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். தேயிலை சலிக்கும் பகுதியில் காற்றில் மிதக்கும் மெல்லிய தூசும் குழலுக்கு எதிரி.

ஆனால் தண்ணீர் புகாத கெமராவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் உள்ளே போகாது என்றால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேயும் போகாது. வெக்கையும் ஈரமுமான இடத்தில் பெட்டரி மூடியைத் திறந்து மூடினால் அந்தக் காற்றையே உள்ளே அடைத்துப் பூட்டுகிறோம். பிறகு குளிர்ந்த ஓடையில் அமிழ்த்தினாலோ நுவரெலியாக் குளிருக்குக் கொண்டுபோனாலோ கண்ணாடியின் உட்புறம் மங்கும். வறண்ட அறையில் பெட்டரி மாற்றி மூடிவிட்டு, மலையில் திறக்காமலே வைத்திருப்பது நல்லது. மூடியை அடைக்குமுன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் பதினைந்து மீட்டர் உத்தரவாதம் பறந்துவிடும்.

மெல்லிய கெமரா வென்ற இடமும் ஒன்று உண்டு. நண்பரின் வீட்டில், லயத்துக் காம்பராவுக்குள், பெரியம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கதவு, ஒரு ஜன்னல், புகை படிந்த சுவர். டஃப் கெமராவைத் தூக்கியதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், படம் எடுப்பவர் முன்னால் உட்காரும் முறையில். மெல்லியது கையில் இருந்தபோது யாரும் கவனிக்கவில்லை, பேச்சு தொடர்ந்தது. அந்த இருட்டுக்கு அதைவிடவும் சரியான ஆயுதம் சோனி ஆர்எக்ஸ்100 போன்றவை. 2012-இல் வந்த அந்த ரகத்தில் ஒரு அங்குல சென்சர் இருக்கிறது, மற்ற சின்னக் கெமராக்களுடையதைப் போல நான்கு மடங்கு பரப்பு. அடுப்பு வெளிச்சத்தில் ஒரு முகத்தை இரைச்சல் புள்ளிகள் இல்லாமல் பிடிக்கும். மார்கழியிலிருந்து வைகாசி வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில், நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். காய்ந்த காலம், இருட்டு, கூட்டம், பாரம் கூடக்கூடாத படிகள்.

கெமராவோடு இந்த மலைக்கு வந்த இன்னொருவரின் கல்லறையையும் பார்க்கப் போனேன். பொகவந்தலாவைப் பாதையில் ஒரு பழைய கல்லுக் கட்டிடத் தேவாலயம் இருக்கிறது, சென் மேரிஸ். அதன் வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். டார்வினையும் டென்னிசனையும் படம் எடுத்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர்களில் முன்வரிசைக்காரர். 48 வயதில் மகள் கொடுத்த கெமராவோடு தொடங்கி, 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் இறந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் மறு ஆண்டு போய்ச் சேர்ந்தார். அவர்தான் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன்.

இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்த அந்த அம்மா இலங்கையில் எடுத்ததாக இன்று அறியப்பட்டவை முப்பதுக்கும் குறைவு. அவருடைய முறையில் 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, காய்வதற்குள் இருட்டறையில் கழுவ வேண்டும். எதிரில் இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் குடம் குடமாக வேண்டும். அந்தப் பொதியோடு கொழுந்து மலைக்கு மழையில் ஏறுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவர் எடுத்த இலங்கைப் படங்களில் களுத்துறைப் பக்கத்து உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். டென்னிசனுக்குப் பெயர் உண்டு. இவர்கள் 'குடியானவர்கள்' என்ற தலைப்போடு நிற்கிறார்கள், யார் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. கல்லறையில் நின்றபோது எனக்கு உறுத்தியது அதுதான். கெமராவின் கனம் குறைந்து சட்டைப் பைக்கு வந்துவிட்ட காலத்திலும், மலையகத்தில் எடுக்கப்படும் படங்களில் நிறையப் பேர் இன்னும் பெயரில்லாத பெண்கள்தான்.

நுவரெலியாவை நான் சுருக்கமாகப் பார்த்தேன். 1868 மீட்டர் உயரம், நல்ல குளிர், வாவியைச் சுற்றிச் சுற்றுலாக் கூட்டம், எல்லார் கையிலும் கைத்தொலைபேசி. அங்கே எந்தக் கெமராவும் போதும். தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளேயர் அருவிகளை வீதியிலிருந்தே எடுத்துவிடலாம், இரண்டும் எதிர்ப்புறத்துச் சரிவில் தூரத்தில் நிற்கின்றன, சாரல் வந்து எட்டாது.

டஃப் கெமராவையே இரவல் தந்த நண்பரிடம் விலை பேசி எடுத்துக்கொண்டேன். மூலைகள் மழுங்கட்டும். மெல்லியதைத் தங்கை மகளுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன், கொழும்பில் பாட்டுக் கச்சேரிக்கும் பிறந்தநாளுக்கும் அது பொருந்தும். திரும்பும் வழியில் ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் மடுவத்துப் படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிடக் கொடுத்தேன். தராசின் எண் தெளிவாக விழுந்திருந்தது, கூரைத் தண்ணீரும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், திகதி, எத்தனை கிலோ என்று எழுதி, உறையில் போட்டு, ஹட்டன் நண்பர் கையில் கொடுத்தேன். பெரியம்மா தன்னுடையதை இன்னொரு பிரதி கேட்டிருக்கிறாராம், தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டுவதற்கு. அடுத்த பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.